மிக்சர்: அங்கேயா, ரிச்சி ஸ்ட்ரீட்டிலா?

நியூஜெர்சியிலிருந்து மார்கழிக்கு வரும் தம்பி, “மிக்சர் வாங்கிட்டு வரட்டுமாண்ணா?” என்கிறான். பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டியைச் சொல்கிறான். அங்கே வாங்குவதா, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டிலா?

விலை: பெரும்பாலும் அங்கே குறைவு.

மின்சாரம்: வில்லங்கமே இதில்தான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் ‘100–240’ என்று போட்டிருந்தால் சரி. 120 மட்டும் என்றால் சொருகினால் புகைதான். ஒன்றைக் கருக்கியவன் சொல்கிறேன். யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி) இந்தத் தொல்லை இல்லை.

வாரண்டி: அங்கே வாங்கியது இங்கே பெரும்பாலும் செல்லாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்லோடு வாங்கினால், ஃபேடர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) கரகரத்தால் கடைக்கே போய் நிற்கலாம்.

குரலும் தம்புராவும் மட்டும் என்றால் இரண்டு மைக் போதும், இன்டர்ஃபேஸைப் பையில் போட்டு வரட்டும். வயலின், மிருதங்கமும் சேர்ந்தால் நாலு மைக் மிக்சர் வேண்டும். அதை இங்கேயே வாங்குவேன்.