'முழு வெள்ளி' என்று விற்ற பழைய கட்லரி செட்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, தட்டு என்று சேர்ப்பவர்களும், சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். பன்னிரண்டு பேருக்கான சாப்பாட்டு செட், 1850-களில் லண்டனில் செய்தது, முழுக்க வெள்ளி, மரப்பெட்டியும் உண்டு என்று ஒருவர் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருந்தார். பழம்பொருள் மட்டுமே விற்பவர், அவரிடம் வாங்கியவர்களும் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த பெட்டியில் பரிமாறும் கரண்டி இரண்டு மட்டும்தான் வெள்ளி. மற்றதெல்லாம் முலாம்.

எப்படி ஏமாற்றினார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைப் பலர் செய்கிறார்கள். விளம்பரத்தில் முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் ஒன்று இருந்தது. நடக்கிற சிங்கம், சிறுத்தைத் தலை, செய்த ஆண்டைக் குறிக்கும் எழுத்து, விக்டோரியா ராணியின் தலை, செய்தவரின் முதலெழுத்துகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. சிங்கம் 1544-இலிருந்து இங்கிலாந்தில் வெள்ளிக்குப் போடும் முத்திரை, இந்தச் செட்டின் காலத்துப் பொருளில் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். சிறுத்தைத் தலை லண்டனுக்கு. அரசர் அல்லது ராணியின் தலை வரி கட்டியாயிற்று என்பதற்கு, 1784 முதல் 1890 வரை போட்டார்கள். ஆக, சொன்ன காலத்துக்கும் ஊருக்கும் முத்திரை சரியாகப் பொருந்தியது. படத்தில் பொய்யே இல்லை. ஆனால் அது அந்தப் பரிமாறும் கரண்டியின் படம்.

வாங்குவதற்கு முன்பே, எல்லா உருப்படியிலும் இதே முத்திரைதானா என்று கேட்டிருந்தேன். "எல்லாத்துலயும் இருக்குங்க, எல்லாம் ஒரே செட்தான், கலப்படம் எதுவும் இல்ல" என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெட்டியைத் திறந்து ஸ்பூன்களைத் திருப்பிப் பார்த்தால் சிங்கமும் இல்லை, தலையும் இல்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் 90, பக்கத்தில் கட்டத்துக்குள் 45. இதை உடனே கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது: "90-ன்னா 90 சதவீதம் வெள்ளிங்க, அந்தக் காலத்துல அப்படித்தான் போடுவாங்க." இது பச்சைப் பொய். ஜெர்மன் முலாம் கட்லரியில் 90 என்றால், பன்னிரண்டு பெரிய ஸ்பூனும் பன்னிரண்டு முள்கரண்டியும் சேர்த்து முலாம் போட மொத்தம் 90 கிராம் வெள்ளி செலவானது என்று பொருள். 45 என்பது அதில் ஒரு டஜனுக்கான பங்கு. அதாவது ஒரு ஸ்பூன் மேல் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளி, உள்ளே இருப்பது வேறு உலோகம். பழம்பொருளே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை. ஜெர்மனியில் செய்த அசல் வெள்ளிப் பொருள் என்றால் பெரும்பாலும் 800, 835, 925 என்று மூன்று இலக்கத்தில் இருக்கும், 1888-க்குப் பிந்தையது என்றால் பிறையும் கிரீடமும் கூடவே இருக்கும்.

கத்திகள் இன்னும் மோசம். பிளேடு துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உருவானதே 1913-இல். 1850-களின் செட்டுக்குள் அது எப்படி வரும்? பழைய கத்திக்குப் புது பிளேடு மாட்டுவது உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் விற்கும்போது சொல்ல வேண்டும். இங்கே கைப்பிடியிலும் வெள்ளி முத்திரை இல்லை. அப்புறம் எடை விஷயம். விளம்பரத்தில் போட்டிருந்த மொத்த எடையில் கத்திகளையும் சேர்த்திருக்கிறார். அசல் வெள்ளிக் கத்தியாக இருந்தாலும்கூட கைப்பிடி என்பது மெல்லிய வெள்ளித் தகட்டாலான கூடு, உள்ளே பிசினோ சிமெண்டோ நிரப்பியிருக்கும், நடுவில் எஃகு. அந்த எடையை வெள்ளி எடையாகக் காட்டுவது நேரடியான மோசடி. அடிப்பாகத்தில் கனம் நிரப்பிய மெழுகுவர்த்தித் தாங்கிகளிலும் இதே வேலை நடக்கிறது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெள்ளிதான் என்று அவர் ஒரு வீடியோ வேறு அனுப்பினார். காந்தம் 'ஜெர்மன் சில்வர்' என்று பெயர் வைத்த உலோகத்திலும் ஒட்டாது. அது தாமிரம், நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை, அதில் துளி வெள்ளி கிடையாது, முலாம் கட்லரிக்குப் பெரும்பாலும் அதுதான் அடி உலோகம். காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம், ஒட்டாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான் செய்த சோதனையை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம், பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாது. டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுசாக முங்கும்படி தொங்கவிட்டால் தராசு ஏதோ ஒரு கிராம் காட்டும். ஸ்பூனின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 925 வெள்ளிக்கு அது பத்துக்கு மேல், ஏறக்குறைய 10.3 வரும். எனக்கு வந்த ஸ்பூன் 62 கிராம், தராசு காட்டியது 7.1, வகுத்தால் 8.7. ஜெர்மன் சில்வரின் அடர்த்தி கிட்டத்தட்ட அதுவேதான். பரிமாறும் கரண்டி 10.3 காட்டியது. கத்திக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது, உள்ளே நிரப்பியிருப்பதால்.

கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடமும் ஒன்று உண்டு. ஸ்பூனை மேசையில் வைத்தால் அதன் குழியின் பின்பக்கம் எந்த இடம் மேசையில் படுகிறதோ, அங்கேதான் முலாம் முதலில் தேயும். என்னுடையதில் விரல்நுனி அளவுக்கு லேசான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது, சுற்றிலும் வெள்ளை. முள்கரண்டியில் பல்லின் நுனியைப் பாருங்கள். விளம்பரத்தில் எல்லா ஸ்பூனையும் மல்லாக்க வைத்தே படம் எடுத்திருந்தார், ஒன்றைக்கூடக் கவிழ்த்து எடுக்கவில்லை.

எனக்கு இதில் ரொம்ப வருத்தமாக இருப்பது அந்த அசல் கரண்டிகளின் நிலைமைதான். பளபளப்பு வர வேண்டும் என்று மோட்டார் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். வேலைப்பாட்டின் பள்ளங்களில் காலம் காலமாகப் படிந்திருக்கும் கருமை, பூவும் இலையும் எடுப்பாகத் தெரியக் காரணமே அதுதான், சுத்தமாகப் போய்விட்டது. சிங்கத்தின் முதுகு மழுங்கிவிட்டது. காம்பின் நுனியில் வாயால் ஊதினால் பழைய சொந்தக்காரரின் பெயரெழுத்தை அழித்த தடம் ஆவியில் ஒரு நொடி தெரிகிறது, அந்த இடத்தில் தகடும் மெலிந்திருப்பதை விரலால் உணர முடிகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேர் கவனமாக வைத்திருந்த பொருளை விற்பனைக்காக இப்படிச் செய்ய எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

முலாம் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் மின்முலாமுக்கு, அதாவது மின்சாரத்தால் முலாம் போடும் முறைக்கு, காப்புரிமை வாங்கிய பிறகு வந்த நல்ல முலாம் கட்லரி தினமும் சாப்பிட அருமையானது, அதை முலாம் என்று சொல்லி, முலாமின் விலைக்கு விற்றால் சந்தோஷமாக வாங்கலாம். இ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் வெள்ளி முத்திரை மாதிரியே பொறித்திருப்பார்கள், அது நிக்கல் கலவை மேல் மின்முலாம், அவ்வளவுதான். ஏ1 என்றிருந்தாலும் அது முலாமின் தரம். ஷெஃபீல்ட் என்ற ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது வெள்ளிக்குச் சான்று ஆகாது.

ஆகவே இப்படி ஒரு செட் உங்கள் கண்ணில் பட்டால், ஒவ்வொரு வகையிலும் ஒரு உருப்படியின் பின்பக்கப் படம், கத்தி இல்லாத எடை, பிளேடு என்ன உலோகம் என்ற பதில், இது மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். செட் கைக்கு வந்ததும் பாலிஷ் எதுவும் போடாமல் வந்த நிலையிலேயே படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது, "நீங்க தேச்சதுலதான் முலாம் மாதிரி தெரியுது" என்று. பெட்டி திறந்தபோதே எடுத்த படங்களை அனுப்பிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

பாதிப் பணம் தருகிறேன், எழுதிய புகாரை எடுத்துவிடுங்கள் என்று இப்போது கேட்கிறார். முழுப் பணமும் தந்து செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. அதே முத்திரைப் படத்தைப் போட்டு இன்னொரு செட்டையும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். சிங்கத்தின் வாலுக்குக் குறுக்கே ஒரு சாய்ந்த கீறல் அந்தப் படத்தில் தெரியும். அந்தக் கீறல் உள்ள கரண்டி என் வீட்டில் இருக்கிறது.