குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி: உள்ளே இருந்து ஒரு மதிப்புரை

மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடி அறையில் இயங்கும் ஏஜென்சி இது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது என்.ஐ.சி.யூ.வில், பழகிய நர்சுகளை ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்ற கணக்கில் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மதுரை நகரத்தோடு திண்டுக்கல், தேனி, சிவகாசி, காரைக்குடி வரைக்கும் ஆட்கள் போகிறார்கள். நானும் இப்போது இவர்கள் மூலமாகத்தான் வேலை பார்க்கிறேன். இதில் சேரலாமா என்று என்னிடம் கேட்கும் ஜூனியர் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். சேரலாம் என்பதே என் பதில். ஆனால் குறைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பெரிய குறை. அதையும் எழுதப்போவதால் ஏஜென்சியின் பெயரையோ மருத்துவமனைகளின் பெயரையோ போடவில்லை.

இப்படி ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பது அமெரிக்காவில் பழகிப்போன ஏற்பாடு. அங்கே பெரும்பாலும் 13 வாரம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். நம் பக்கம் தேவை வேறு விதமாக வருகிறது. நன்றாகப் பழகிய நர்ஸ் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார், இன்னொருவர் எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்குப் போகிறார். மற்றொருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். பொது வார்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்த முடியாது. 1 கிலோகூட இல்லாத குழந்தைக்கு நரம்பு ஊசி ஏற்றவும், அதன் நிறம் மாறுவதை மானிட்டர் சொல்வதற்கு முன்பே கண்டுகொள்ளவும் பல மாதப் பழக்கம் வேண்டும். அந்த இடைவெளியைத்தான் ஏஜென்சி நிரப்புகிறது.

சேர்வதற்கான தேர்வு எனக்குப் பிடித்திருந்தது. நடத்தும் அம்மையார் தாமே பச்சிளங்குழந்தை வார்டில் பல வருடம் இன்சார்ஜாக இருந்தவர். நர்சிங் கவுன்சில் பதிவு, புத்துயிர்ப்புப் பயிற்சிச் சான்றிதழ், என்.ஐ.சி.யூ.வில் குறைந்தது 2 வருட அனுபவம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, காகிதங்களை ஓரமாக வைத்துவிடுவார். மேசை மேல் பொம்மைக் குழந்தை இருக்கும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையையும் மாஸ்க்கையும் கையில் கொடுத்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்ற வேகம் கையில் தானாக வருகிறதா என்று பார்ப்பார். பிறகு கணக்கு. 1.2 கிலோ குழந்தைக்கு, மூச்சைத் தூண்டும் காஃபீன் சிட்ரேட் மருந்தின் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மருந்து மில்லிக்கு 20 மில்லிகிராம். எத்தனை மில்லி எடுப்பாய்? 1.2 மில்லி. எளிய கணக்குதான். ஆனால் புள்ளி ஓர் இடம் தள்ளினால் மருந்து பத்து மடங்காகிவிடும் வார்டு இது. அதனால் வாயால் சொல்ல விடாமல் எழுதிக் காட்டச் சொல்வார்.

அதன் பிறகு அவரே குழந்தையைப் பெற்றவளின் மாமியாராக நடிக்கத் தொடங்கிவிடுவார். “ஒரு சொட்டுதானே தாயி, சேனை தொட்டு வைத்துவிட்டுப் போகிறேன்” என்று கேட்பார். மறுக்க வேண்டும், ஆனால் அந்தப் பாட்டியின் மனம் நோகக் கூடாது. தெற்கத்திப் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது எத்தனை ஆசையோடு செய்யும் காரியம் என்பது நமக்குத் தெரியும். குறைமாதக் குடலுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் ஆகாது என்பதை அந்த ஆசையை மதித்துச் சொல்லத் தெரிய வேண்டும். சீம்பாலைத் தாயிடம் பீய்ச்சி வாங்கி, பாட்டியின் கண் முன்னாலேயே அதைக் குழந்தையின் வாயில் தடவிக் காட்டுவேன் என்று நான் சொன்னேன். அந்தப் பதிலுக்குத்தான் என்னை எடுத்ததாகப் பின்னர் மேடம் சொன்னார். மருந்துக் கணக்கோடு சேர்த்து இதையும் கேட்கிற நேர்காணலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏஜென்சிக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால், ஒப்பந்தத்தில் இருக்கும் நான்காவது வரியைத்தான் சொல்வேன். புதிய மருத்துவமனையில் முதல் ஷிப்டில் நர்சின் பொறுப்பில் எந்தக் குழந்தையையும் விடக் கூடாது; அங்கிருக்கும் சிஸ்டர் ஒருவரோடு கூடவே நின்று வார்டைப் பழக வேண்டும். அன்றைக்குச் சம்பளம் பாதிதான். அதை ஏஜென்சி கொடுக்கிறது.

இந்த வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்த அழுத்தம் குறைந்த குழந்தைக்கு டோபமைன் ஓட்டுகிறோம். ஒரு மருத்துவமனையில் எடையை 30ஆல் பெருக்கி, வருகிற மில்லிகிராமை 50 மில்லியில் கலப்பார்கள். அங்கே பம்பில் மணிக்கு 1 மில்லி என்று வைத்தால், கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் போகும். இன்னொரு மருத்துவமனையில் 15ஆல் பெருக்குவார்கள். அதே 1 மில்லி அங்கே 5 மைக்ரோகிராம். இரண்டு கணக்கும் சரியானவையே. பம்பின் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றே. நேற்று வரை ஓர் இடத்தில் பழகிய கை இன்று இன்னோர் இடத்தில் பம்பைத் தொடும்போது, அந்த வார்டின் கணக்கு எது என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் எண், அதன் அலாரமும் அப்படித்தான். ஆக்சிஜன் ஓடும் குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் 90க்கும் 95க்கும் நடுவில் நிற்க வேண்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று மேல் எல்லையை 100இல் வைத்துவிட்ட வார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். 98, 99 என்ற எண்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வளர்ந்து முடியாத விழித்திரையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பது அந்த அதிகப்படி ஆக்சிஜன்தான். சிபேப் என்பது மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி. பபிள் சிபேப் பாட்டிலில் குழாய் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ அதுவே அழுத்தம். அந்த அளவை யார், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள்? அவசர டிராலியில் மிகச் சிறிய சுவாச டியூப் எந்த இழுப்பறையில்? இரவு 2 மணிக்கு டாக்டர் எந்த எண்ணில் எடுப்பார்? இவற்றையெல்லாம் முதல் ஷிப்டில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அந்த நோட்டையும் ஏஜென்சியே கொடுக்கிறது, கேள்விகளை அச்சிட்டு.

ஒரு மருத்துவமனையில் நான் உள்ளே போனதுமே, “அனுபவம் இருக்கிறதல்லவா, அந்த மூன்று குழந்தைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மேலாளர் சொன்னார். வெளியே வந்து மேடத்துக்கு போன் செய்தேன். அவர் மேலாளரிடம் பேசவில்லை. நேராகக் குழந்தை மருத்துவரிடம் பேசினார். சிறிது நேரத்தில் டாக்டரே வந்து, இன்றைக்கு இவர் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குகிற ஒருவர் தன் வாடிக்கையாளரை எதிர்த்து நிற்பது சாதாரணக் காரியம் இல்லை.

இன்னொரு நல்ல வழக்கம், கடைசி ஷிப்டில் குழந்தைவாரியாக எழுதி ஒப்படைப்பது. வந்துபோகிற நர்சுகள் உள்ள வார்டில் முதலில் தொலைந்துபோவது கண் பரிசோதனைத் தேதி. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்; மிகவும் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே, இரண்டு மூன்று வாரத்தில். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. பார்க்க டாக்டர் இல்லை என்ற சாக்கு மதுரையில் செல்லாது. தேதியை ஒருவர் மறந்தால் ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் பார்வையில்லாமல் இருக்க நேரும். ஏஜென்சியின் படிவத்தில் இந்தத் தேதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அது காலியாக இருந்தால் கணக்கு முடிக்க மாட்டார்கள். இந்தப் படிவம் தமிழ்நாட்டில் எல்லா வார்டிலும் தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

சம்பளம் 12 மணி நேர ஷிப்டுக்கு 1,300 ரூபாய், இரவானால் 100 ரூபாய் கூடுதல். மாதம் 7ஆம் தேதி வங்கியில் விழுந்துவிடுகிறது. தனியார் நர்சுகளின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. நிரந்தர வேலையில் அதுகூடக் கிடைக்காத தோழிகள் எனக்கு உண்டு. பணத்தில் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு நர்ஸ், சிபேப்பில் இருக்கும் இரண்டு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். பகலில் பெரும்பாலும் நடக்கிறது. இரவில் நடப்பதில்லை. மேற்கே ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டர் குழந்தைகள் இரண்டையும், சிபேப் குழந்தை ஒன்றையும் சேர்த்து என்னிடம் விட்டார்கள். ஒரு குழந்தைக்குச் சளி உறிஞ்சும்போது மற்றொன்றின் அலாரம் அடித்தால் எந்தப் பக்கம் போவது? புகார் எழுதினேன். ஏஜென்சி கடிதம் அனுப்பியது, பதிலும் வாங்கியது. ஆனால் அதே மருத்துவமனைக்கு இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. முதல் ஷிப்டுக்காக அத்தனை உறுதியாக நின்றவர்கள் இதற்காக ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இரண்டாவது, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிப்போய் நம் கையில் குத்திவிட்டால் யார் செலவு என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மருத்துவமனையும் ஏஜென்சியும் உன் பொறுப்பா, என் பொறுப்பா என்று பேசி முடிக்க அந்த நேரம் போதாது. பி.எஃப். கிடையாது என்பதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

தங்குமிடம் ஊருக்கு ஊர் மாறும். காரைக்குடியில் கொடுத்த அறை காற்றோட்டமானது, சமைத்துக்கொள்ள அடுப்பும் இருந்தது. தேனியில் மகளிர் விடுதி, அறைக்கு மூன்று பேர். இரவு வேலை முடிந்து காலை 9 மணிக்குப் படுத்தால் அப்போதுதான் தண்ணீர் லாரி வரும், குடங்கள் உருளும். இரவு ஷிப்ட் நர்சுகளைத் தனி அறையில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பயணப்படி பஸ் டிக்கெட் அளவுக்குக் கொடுக்கிறார்கள். தேனி, திண்டுக்கல் பஸ்கள் ஆரப்பாளையத்திலிருந்து, காரைக்குடி, சிவகாசி மாட்டுத்தாவணியிலிருந்து. பின்னிரவில் வந்து இறங்குகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு கிடையாது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மட்டும் அருமையாக ஏற்பாடு செய்தார்கள். கோரிப்பாளையம் பக்கம் எந்த வண்டியும் நகராது என்பதால், முந்தைய நாள் மாலையே எங்களைக் காரில் கொண்டுபோய் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சேராமல் வார்டு நிற்கக் கூடாதல்லவா. அந்த அக்கறையை வருடம் முழுவதும் காட்டலாம்.

இந்த வேலையில் மனதுக்குக் கஷ்டமானது ஒன்று உண்டு, அதற்கு ஏஜென்சியைக் குறை சொல்ல முடியாது. 28 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு நான்தான் குழாய் வழியாகப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். கர்ப்பக் கணக்கில் 32 வாரம் ஆனதும், பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடைக்கு மாற்றினோம். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பா, சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னபோது முதலில் கூசினார். பிறகு வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் தவறாமல் வந்து உட்கார்ந்தார். குழந்தை நேராகத் தாயிடம் பால் குடிக்கத் தொடங்கும் வாரத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது. மேடத்திடம் கேட்டேன். மருத்துவமனையும் ஒப்புக்கொண்டதால், குழந்தை வீட்டுக்குப் போகும் வரை நீட்டித்துக் கொடுத்தார். அதற்காக அவர் வேறோர் ஊருக்கு அனுப்ப ஆள் தேடி அலைந்ததும் எனக்குத் தெரியும்.

படிப்பு முடித்து நேராக வருகிறவர்கள் இங்கே சேர வேண்டாம். ஒரே வார்டில், நல்ல சீனியர் சிஸ்டரின் கீழ் 2 வருடமாவது நின்றுவிட்டு வாருங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் மதுரை நகரத்துக்குள் மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம், கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் நான்காவது வரி உங்கள் தாளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன மேற்கத்தி மருத்துவமனைக்கு இரவு ஷிப்ட் என்றால் மறுத்துவிடுங்கள். மறுத்தவர்களுக்கு வேறு இடம் கொடுக்கிறார்கள், தண்டிப்பதில்லை.

அடுத்ததாக என்னைச் சிவகாசிக்குக் கேட்டிருக்கிறார்கள். ஊசி குத்தலுக்கான செலவை யார் ஏற்பது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால்தான் கையெழுத்து என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். வக்கீலிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.