128 வோல்ட் என்று எழுதிய பெட்டியை நம்பி ஏமாந்தேன்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் சொந்த வேனையும் த்ரீவீலரையும் வீட்டு வாசலிலேயே பழுதுபார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேட்டரியில் ஓடும் இம்பெக்ட் ரென்ச், அதாவது நட்டை அடித்து அடித்துக் கழற்றும் கைக்கருவி, வாங்கும் எண்ணம் இருந்தால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். நான் 19,500 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வேன். காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற வேனுக்கே இன்னொரு பூச்சுப் பெயின்ட் அடித்தேன். ஆகவே பிரேக் ஷூ மாற்றுவது, சக்கரம் கழற்றுவது எல்லாம் வீட்டில்தான். ஐந்து நட்டையும் எல் ஸ்பனரில் ஏறி மிதித்துக் கழற்றி முழங்கால் தேய்ந்துபோன நிலையில், முகநூலில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. ஒரு பையன் விசையை அழுத்துகிறான், நட் கழன்று உருண்டு ஓடுகிறது. கண்டியில் உள்ள ஒரு கடை. பெயர் சொல்லப்போவதில்லை, இந்தச் சரக்கு அந்த ஒரு கடையில் மட்டும் கிடைப்பதும் இல்லை.

நேரில் போய்த்தான் வாங்கினேன். கடைக்காரர் மேசையோடு பொருத்திய வைஸில் ஓர் இரும்புத் தகட்டைப் பிடித்து, அதில் இருந்த போல்ட்டை இறுக்கிக் காட்டினார், கழற்றிக் காட்டினார். தான் ஒரு நிமிடத்துக்கு முன் இறுக்கியதைத் தானே கழற்றினார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் 128 வோல்ட், பேட்டரியின் கொள்ளளவு 15,000 மில்லி ஆம்பியர் மணி, திருகும் பலம் 1,200 நியூட்டன் மீட்டர். இரண்டு பேட்டரி, சார்ஜர், நட்டின் மேல் மாட்டும் பளபளக்கும் சொக்கட் ஒரு வரிசை, ஒரு வருட வாரன்டி அட்டை. நிறமும் வடிவமும் பெயர் பெற்ற ஒரு ஜப்பானியக் கருவியை உரித்து வைத்ததுபோல. இரண்டாவது பேட்டரிதான் என்னைக் கவிழ்த்தது. ஒன்றின் விலைக்கு இரண்டு என்றால் மனிதனுக்குக் கண் தெரிவதில்லை.

வீட்டில் முதல் நாள் நன்றாகவே வேலை செய்தது. நான் கையால் இறுக்கிய நட்டுகள். வெண்ணெயில் கத்தி போனதுபோல் வந்தன. அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, ரொசல்லைக்கும் வட்டவளைக்கும் இடையில் பின்பக்க இடது டயர் காற்றுப் போனது. நல்ல வேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. வட்டவளை மழையைப் பற்றி நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கருவியை எடுத்தேன். போன மாதம் ஒரு டயர்க் கடையில் எயார் கன்னால் இறுக்கிய நட்டுகள் இவை. முதல் நட் பத்து விநாடி அடி வாங்கிப் பிறகு அசைந்தது. இரண்டாவது நட்டில் சத்தம் டக் டக் டக் என்று மெலிந்துகொண்டே போனது. முன்னால் இருந்த சின்ன விளக்கு மங்கியது. பிறகு சத்தமே இல்லை. அடுத்த பேட்டரியை மாட்டினேன். இரண்டாவது நட் வந்தது. மூன்றாவதில் சொக்கட் 'டிக்' என்றது. கழற்றிப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழையாக ஒரு வெடிப்பு. துண்டு கண்ணில் தெறிக்காமல் விட்டது என் அம்மாவின் பிரார்த்தனை.

கொழுந்து லொறிக்காரர் ஒருவர்தான் நிறுத்தினார். லொறியிலிருந்து நான்கடி ஜீ.ஐ. குழாய் ஒன்றை உருவி எல் ஸ்பனரில் செருகினார். ஒரே அழுத்து. கிறீச் என்று நட் அலறியது. மூன்றையும் கழற்றிவிட்டு, என் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லது தம்பி, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் விளையாடக் கொடுங்கள்" என்றார். மழையில் நனைந்ததைவிட அது அதிகமாக உறைத்தது.

மறுநாள் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "குளிருக்கு லித்தியம் பேட்டரி அப்படித்தான் அண்ணன். நீங்கள் இருப்பது மலை அல்லவா?" என்றார் கடைக்காரர். கண்டியில் இருந்துகொண்டு ஹட்டன்காரனுக்குக் குளிர் பற்றிப் பாடம். லித்தியம் பேட்டரியைப் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பது உண்மைதான். அன்று ரொசல்லையில் அடித்தது வெறும் மழைக்குளிர். அந்தக் குளிரில் நல்ல பேட்டரியின் வலு கொஞ்சம் குறையலாம், இரண்டு நட்டோடு படுத்துவிடாது. வாரன்டி பற்றிக் கேட்டேன். கருவிக்கு உண்டாம், பேட்டரிக்கு இல்லையாம், சொக்கட் இலவசமாகக் கொடுத்ததாம்.

என் மாமா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொண்டு போனேன். அவர் கருவியைத் தொடவே இல்லை. பேட்டரியைக் கையில் எடுத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "மருமகனே, இதைக் கடைத் தராசில் வைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். லயத்துக்கடையில் பருப்பு நிறுக்கும் தராசில் வைத்தேன். 390 கிராம். பத்துச் செல் உள்ள உண்மையான பேட்டரி 600 கிராமுக்கு மேல் நிற்கும்.

பிறகு திறந்தோம். நான்கு திருகாணி, ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. மூடியைத் தூக்கினால், பத்துச் செல் உட்காரக்கூடிய கூட்டில் ஐந்து மட்டும் ஒரு வரிசையாகப் படுத்திருந்தன. மற்ற வரிசை வெறும் காற்று. செல்களில் பெயரும் இல்லை, அளவும் இல்லை, வெளிறிய நீலப் பிளாஸ்டிக் உறை மட்டும். மாமா மல்ட்டிமீட்டரை வைத்தார். 20.7 வோல்ட்.

இங்கேதான் சூட்சுமம். ஒரு லித்தியம் செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், சராசரியாக 3.6. ஐந்தைத் தொடராக இணைத்தால் நிரம்பிய நிலையில் 21, சராசரியில் 18. நல்ல கம்பெனிக்காரன் 18 என்று போடுகிறான், சிலர் 20 என்று போடுகிறார்கள், இரண்டும் ஒரே பேட்டரிதான். 48, 88, 128, 388 என்று போடுகிறவனும் அதே ஐந்து செல்லைத்தான் வைத்திருக்கிறான்; எண் அச்சடிக்கக் காசு கூடப் போவதில்லை. 15,000 மில்லி ஆம்பியர் மணியும் அப்படியே. இந்த அளவுச் செல்லில் மிக நல்லதே ஏறக்குறைய 3,500 தான் கொள்ளும். பத்துச் செல் வைத்தாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து 7,000. என்னுடையதில் ஐந்து, அதுவும் பெயரில்லாத ஐந்து.

"இந்தக் கருவி திருகுவதில்லை, அடிக்கிறது" என்றார் மாமா. உள்ளே ஒரு சுத்தியல் சுழல்கிறது. நட் இடம் கொடுக்காதபோது ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, விடுபட்டு, முன்னால் இருக்கும் அடைகல்லை ஓங்கி அடிக்கிறது. அந்த அடியின் ஆற்றல் சுத்தியல் சுழலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி. நட் பிடிவாதம் பிடிக்கும்போது மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் பலவீனமான செல் மூச்சு வாங்குகிறது, வோல்ட் விழுகிறது, வேகம் விழுகிறது. ரொசல்லையில் நான் கேட்ட டக் டக் டக் அதுதான்.

1,200 நியூட்டன் மீட்டரையும் மாமா விடவில்லை. டொயோட்டாவின் பல சிறிய வாகனங்களுக்குச் சக்கர நட் இறுக்கவேண்டிய அளவு 103 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் ஸ்பனர் முனையில் 21 கிலோ வைத்து அழுத்துவதற்குச் சமம். 1,200 என்றால் அதே முனையில் 245 கிலோ, அதாவது நான்கு பேர் ஒன்றாக ஏறி நிற்கவேண்டும். "உன் வேனின் ஸ்டட்டே, நட் ஏறும் அந்தத் திருகுத் தண்டே, அறுந்துபோகும்" என்று சிரித்தார். துருப்பிடித்த, எயார் கன்னால் அளவு மீறி இறுக்கிய நட்டைச் சேர்த்துப் பார்த்தாலும் வீட்டு வேலைக்கு 300, 400 போதும், அது உண்மையாக இருந்தால். கழற்றும் பலத்தை ஓர் எண்ணாகவும் இறுக்கும் பலத்தை இன்னோர் எண்ணாகவும் நல்ல கம்பெனிகள் போடும். ஒரே ஒரு பெரிய எண்ணை மட்டும் பெட்டியில் பார்த்தால் எனக்கு இப்போது கை கூசுகிறது.

மோட்டாரும் பொய்தான். பெட்டியில் பிரஷ்லஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாதது, என்று போட்டிருந்தது. இருட்டறையில் விசையை அழுத்தினால் காற்றுத் துவாரம் வழியே நீலப் பொறி பறக்கிறது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரில் பொறி எங்கிருந்து வரும்?

வாங்குகிறவர்கள் வேனைக் கடைவாசலுக்கே கொண்டுபோங்கள். உங்கள் சக்கரத்தில், உங்கள் துருப்பிடித்த நட்டில் அவர்களையே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. அரை அங்குல முனை, பேட்டரி தனியாக நம் நாட்டில் கிடைக்கிறதா, பழுதுபார்க்க ஆள் உண்டா, இவைதான் கேள்வி. இரண்டாவது பேட்டரி இலவசமா என்பது அல்ல. சொக்கட் கறுப்பாக, தடித்த சுவரோடு, இம்பெக்டுக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். பளபளப்பானது கை ஸ்பனருக்கு மட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டைக் கையால் ஏற்றி, குறுக்கு மறுக்காக இறுக்கி, கடைசி அளவுக்கு, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சையே எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எயார் கன்னால் அடிக்கும் டயர்க் கடைத் தம்பிகள் மேல் எனக்கு உள்ள கோபம் தனிக்கதை.

பற்றுச்சீட்டில் கடைக்காரர் 'கருவி 1' என்று மட்டும் எழுதித் தந்திருந்தார். மாதிரி எண், வோல்ட், வாரன்டி எல்லாவற்றையும் எழுதி வாங்காதது என் முட்டாள்தனம். இருந்தாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் அனுப்பவேண்டும். அவர்களுடைய அவசரத் தொலைபேசி எண் 1977. பெட்டியின் படம், மீட்டரில் 20.7 தெரியும் படம், வெடித்த சொக்கட்டின் படம் மூன்றையும் இணைத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

லொறிக்காரரின் குழாயைப் போல நான்கடியில் ஒன்று வாங்கி வேனில் போட்டுவிட்டேன். கருவியில் பழுதில்லாமல் இருப்பது முன்னால் உள்ள சின்ன விளக்கு மட்டும். கரண்ட் போகும் இரவுகளில் அம்மா அதை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டைப் பார்க்கப் போகிறார். விளக்கு எரிய விசையை அழுத்தவேண்டும், அழுத்தினால் முனையும் கிர்ரென்று சுற்றும். கோழிகளுக்கு அது இன்னும் பழகவில்லை.