ஆன்கியுடன் ஐந்து வருடம்

2020 ஊரடங்கில்தான் ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியைக் கைபேசியில் இறக்கினேன். ஒரு நாள் விட்டால் மறுநாள் அட்டைகள் இரட்டிப்பாகக் குவிந்து நிற்குமே என்ற பயத்தில்தான் பாதி நாள் திறந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொரிஷியஸில், எபேனில், எனக்குக் கணக்கு வேலை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் தொழில். 2019 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதி அமலுக்கு வந்து, அதுவரை வாடகைச் செலவாக மட்டும் எழுதிவந்த குத்தகைகளில் பெரும்பாலானவற்றை இருப்புநிலைக் குறிப்புக்குள் இழுத்துவந்தது. அலுவலகத்தில் வீடியோ வகுப்பு கொடுத்தார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பக்கத்து ஜன்னலில் வேலையைப் பார்த்தபடி சான்றிதழ் வாங்கினோம். இங்கே நிறுவனங்கள் பயிற்சி வரி கட்டுகின்றன; அங்கீகாரம் பெற்ற வகுப்பு நடத்தினால் மனிதவள மேம்பாட்டு மன்றத்திடமிருந்து செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். சான்றிதழுக்கு இருக்கும் மவுசு புரிகிறதா?

இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தை நீட்டி, "இதையும் சேர்க்கணுமா?" என்றார். திருதிருவென்று முழித்தேன். 12 மாதத்தைத் தாண்டாத, சொத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை இல்லாத குத்தகைக்கு விலக்கு உண்டு. ஆன்கி வந்ததும் நான் எழுதிய முதல் அட்டை அதுதான். இன்றுவரை ஒருமுறைகூட மறந்ததில்லை.

செயலியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். மறந்தது சீக்கிரமே திரும்ப வரும். நினைவிருப்பது ஒரு வாரம், ஒரு மாதம், அப்புறம் ஒரு வருடம் என்று தள்ளிப்போகும். 2023 கடைசியில், எந்த அட்டை எப்போது திரும்ப வரவேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை சேர்ந்தது. அதற்கு மாறியபின் எனக்கு அன்றாடச் சுமை குறைந்தது. க்யூர்பிப்பில் மெட்ரோ ஏறி, ரோஸ் ஹில்லில் எபேன் வண்டிக்கு மாறுவதற்குள் முடித்துவிடுகிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்; ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை காசு. தோற்றம் அரசாங்கப் படிவம் மாதிரிதான். அதற்கு மார்க் கிடையாது.

ஒரே அட்டையை எட்டு முறை கோட்டைவிட்டால் 'லீச்' என்று முத்திரை குத்திவிடும். லீச் என்றாலும் தமிழில் அட்டைதானே! என் நேரத்தை உறிஞ்சிய அட்டைகளுக்குப் பொருத்தமான பெயர்.

அந்த லீச்சுகளில் பெரும்பாலானவை ஏஐ எழுதியவை. போன வருடம் அலுவலகத்தில் ஏஐ உதவியாளர் வந்தது. பக்கத்து இருக்கைத் திருச்சித் தம்பி, "நீங்க ஏன் கையால எழுதுறீங்க அக்கா?" என்று விதித்தொகுப்பை அதில் போட்டு, ஐந்தே நிமிடத்தில் 120 அட்டை எடுத்துக் கொடுத்தான். பிழை என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. நான் எழுதிய அட்டைக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் முகமோ நான் வாங்கிய திட்டோ இருக்கும். இவற்றுக்குப் பின்னால் எதுவும் இல்லை. சரி, என் அட்டைகளை அவனுக்கு அனுப்பினேன். இரண்டே வாரத்தில் விட்டுவிட்டான்.

கேட்டால் ஏஐ சொல்லுமே, எதற்கு மனப்பாடம் என்கிறான். சொல்லும்தான். ஆனால் ஒப்பந்தத்தைப் புரட்டும்போது 'இங்கே ஏதோ இடிக்கிறதே' என்று தோன்றினால்தானே கேட்கப்போகிறோம்?

ஆன்கியால் பட்ட அடியும் உண்டு. வாட் பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பு 60 லட்சம் ரூபாய் என்று கல்லில் வெட்டியதுபோல் பதிந்திருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அது 30 லட்சம். செய்தியைப் படித்திருந்தும் நவம்பரில் ஒரு சிறு வியாபாரியிடம் பழைய தொகையை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். தம்பிதான் மெதுவாகத் திருத்தினான். இப்போது தொகை வரும் அட்டைகளில் எல்லாம் 'எந்தத் தேதியிலிருந்து?' என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். அந்த வாட் அட்டை வரும்போது மட்டும் இன்னும் 60தான் முதலில் நாக்கில் வருகிறது.