வீட்டிலேயே அட்மிஷன்: எங்கள் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருத்துவமனை வார்டுக்குப் பதிலாக வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் இந்தச் சேவை நல்லது. ஆனால் வீட்டில் ஒருவர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கூடவே உட்கார்ந்தால்தான் நல்லது.

என் வீட்டுக்காரருக்கு இடது காலில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. முழங்காலுக்குக் கீழே வீங்கி, தொட்டால் சுட்டது. வார்டில் படுக்காமல் வீட்டிலேயே சிகிச்சை எடுக்கலாம் என்றார்கள். சிங்கப்பூரில் எம்ஐசி அட் ஹோம் என்கிறார்களே, அதுதான். 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கி, 2024 ஏப்ரலிலிருந்து பொது மருத்துவமனைகளில் வழக்கமான சேவையாகிவிட்டது. கட்டணம் வார்டுக் கட்டணத்தைத் தாண்டாது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இரண்டும் செல்லும். பணத்தைப் பற்றி இது போதும்.

ஒரு பையில் எல்லாம் வந்துவிட்டது: டேப்லெட் கணினி, ரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். அளந்தவுடன் எண் புளூடூத்தில் டேப்லெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து மருத்துவமனையில் இருக்கும் தாதியின் திரைக்கு. நான் அவுட்ரமில் பழைய தாதியர் பள்ளியில் படித்தவள். 1992-இல் பயிற்சி நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனதற்கு முந்தைய காலம். பாதரசக் கருவியைப் பார்த்து, கட்டில் காலடியில் தொங்கும் அட்டையில் எழுதுவோம். 138 என்று அளந்ததை அவசரத்தில் 188 என்று எழுதி டாக்டரை ஓட வைத்தவர்கள் உண்டு. அந்தத் தொல்லை இனி இல்லை. இதற்கு முழு மதிப்பெண்.

ஆக்சிமீட்டர் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஒரு நாள் காலையில் 91 காட்டியது, அது குறைவு. அடுத்த சில நிமிடங்களில் போன். இரவெல்லாம் ஏர்கான் ஓடி அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினால் 97. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் இந்தக் கருவி தடுமாறும், நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமானது நம் நிறம். கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தித்தான் கணக்குப் போடுகிறது. கருமையான தோலில் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்ட வாய்ப்பு உண்டு. 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி பிடிக்காமல் விட்டது, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏவும் 2021-இல் எச்சரித்தது. திரையில் 97 இருந்து, எதிரே ஆள் மூச்சு வாங்கினால், மூச்சை நம்புங்கள்.

மூச்சு என்றதும் என் பெரிய குறைக்கு வருகிறேன். எங்களுக்கு வந்த டேப்லெட்டில் மூச்சு எண்ணிக்கைக்கு இடமே இல்லை! நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் நியூஸ்2 அட்டையில் ஏழு அளவுகள் உண்டு, முதலாவதே மூச்சுதான். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் கவலையில்லை, 25-ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே மூன்று அபாயப் புள்ளி. நானே எண்ணினேன். எண்ணப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து, ஒரு முழு நிமிடம்.

டாக்டர் தினமும் வீடியோவில் வந்தார், சுருக்கமாகப் பேசினார், போதுமானதாக இருந்தது. மருந்து ஏற்ற வந்த தாதி திருச்சிப் பக்கத்துப் பெண். மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகியிருந்த பிளக்கைச் சரிபார்த்து மருந்து போட்டபின், சிவப்பு பரவியிருந்த எல்லையைப் பேனாவால் சுற்றி வரைந்தாள். அடுத்த நாள் கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டுமே. டேப்லெட்டில் எடுத்த படத்தில் எங்கள் ஹால் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அவளோடு வந்த பயிற்சி மாணவி நேராகத் திரையைத்தான் பார்த்தாள்.

"முதல்ல அங்கிள் காலைத் தொட்டுப் பாரும்மா, புறங்கையால," என்றாள் தாதி. மாணவி தொட்டாள், சட்டென்று கையை இழுத்தாள். பயிற்சிக்கூடத்தில் நாடி துடிக்கும், மூச்சு விடும் பொம்மையெல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்லதுதான். அதன் கால் இப்படிச் சுடாதே. நானும் ஒரு சிஸ்டர்தான் என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு நிறைய கேள்விகள். தேநீர் ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

டேப்லெட்டில் வரும் தினசரிக் கேள்விகள் எல்லாம் ஆங்கிலம். இவர் லாரி ஓட்டியவர், "ஓகே"யை அழுத்திக்கொண்டே போய்விடுவார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டு, பதிலை நிரப்பினேன். காலை உயர்த்தி வைக்கச் சொல்வது, மாத்திரை நேரம் பார்ப்பது, கழிவறைக்கு நடக்கும்போது கூடப் போவது, இவையும் என் தலையில்தான். வார்டில் மூன்று ஷிப்ட் ஆட்கள் செய்கிற வேலை. எனக்குப் பழக்கம், சமாளித்தேன். எங்கள் மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் கேட்டால் சரி என்று தலையாட்டுமுன் மூன்றை விசாரியுங்கள்: இரவில் அழைத்தால் எடுப்பது தாதியா, வெறும் தகவல் மையமா? பிளக் கழன்றால் எவ்வளவு நேரத்தில் ஆள் வரும்? நிலைமை மோசமானால் நேராக வார்டுக்குப் போகலாமா, மறுபடி அவசரப் பிரிவில் வரிசையா? எங்களுக்கு முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தது. மூன்றாவதற்கு ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள்.