முதல் பிளின்ட்லாக்கா? பிரவுன் பெஸ்ஸ விட்டுட்டு 20 கேஜ் டிரேட் கன் பாருங்க

ஸ்மூத்போர் பிளின்ட்லாக், அதாவது பேரலுக்குள்ள வரி இல்லாம வழவழன்னு இருக்கிற, கல்லு அடிச்சு வர்ற பொறியில வெடிக்கிற பழங்கால துப்பாக்கி வாங்கணும்னு ஆசைப்படுறவங்கள்ல நிறைய பேர் நேரா போய் நிக்கிறது பிரவுன் பெஸ் முன்னாடிதான். 18ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவ மஸ்கெட், பார்க்கவே கெத்து, நானும் சுட்டிருக்கேன், குறை சொல்ல மனசு வரல. ஆனா எடை நாலரை கிலோ பக்கம், போர், அதாவது பேரலோட உள் விட்டம், முக்கால் இன்ச், ஒரு குண்டுக்கே 30 கிராம் ஈயம் போயிடும், வெடிமருந்தும் அதுக்கேத்த மாதிரி குடிக்கும். வரிசையா நின்னு சேந்து சுடுற சிப்பாய்க்கு செஞ்சது அது, அரை நாள் தனியா நின்னு சுட்டுப் பாருங்க, தோள்பட்டை சொல்லும்.

நான் வெச்சிருக்கிறது வட அமெரிக்க ஃபர் வியாபாரத்துல புழங்குன நார்த்வெஸ்ட் டிரேட் கன்னோட ரெப்ளிகா. பழசு பெரும்பாலும் 24 கேஜ், என்னோடது 20, அதாவது ஒரு பவுண்டு ஈயத்துல 20 குண்டு வர்ற சைஸ். எடை கம்மி, கைக்கு லேசா வருது. விசைய சுத்தி இருக்கிற கார்டு பெருசா இருக்கும், கையுறை போட்ட விரலும் நுழையும். லாக்குக்கு (கல்ல அடிச்சு பொறி வரவைக்கிற மெக்கானிசம்) எதிர் பக்கம் பித்தளைல ஒரு பாம்பு தகடு, அந்தக் காலத்துல அது இல்லாத துப்பாக்கிய வாங்க மாட்டேன்னு சொன்னவங்களும் உண்டாம், எனக்கும் சுடுறத விட அத தொடைக்கிறதுலதான் நேரம் போகுது.

குண்டும் போடலாம், சின்னச் சின்ன ஈய ரவையும் போடலாம், ஸ்மூத்போரோட சுகமே அதுதான். குறி பாக்க பின் சைட் கிடையாது, அதனால கன்னம் ஸ்டாக்குல (பின்பக்க மரக்கட்டை) ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உக்காரணும், இல்லன்னா குண்டு மேலயும் கீழயும் அலையும். குண்ட துணி சுத்தி டைட்டா கெட்டிச்சா 50 கஜத்துக்குள்ள நம்பலாம், அதுக்கு மேல ரைஃபிள் மாதிரி எதிர்பார்த்தா கோவம்தான் வரும்.

பேரல், மரம், பாலிஷ் எல்லாம் ரெண்டாம்பட்சம், காசு போக வேண்டியது லாக்குக்கு. கல்லு வந்து அடிக்கிற அந்த ஃப்ரிசன் இரும்பு சரியா கெட்டிப்படுத்தி இருந்தாதான் பொறி கொத்தா பேன்ல (பக்கத்துல மருந்து வைக்கிற சின்ன கிண்ணம்) விழும். எனக்கு வந்தது சாஃப்டா இருந்துச்சு, கல்லு அத செதுக்குச்சே தவிர பொறி வரல, திரும்ப ஹார்டன் பண்ணி வாங்குனதுக்கப்புறம்தான் துப்பாக்கியே துப்பாக்கி ஆச்சு. அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

செகண்ட் ஹேண்ட்ல பார்க்குறீங்கன்னா முதல்ல உள்ள மருந்து இல்லன்னு ராட் விட்டு அளந்துக்கோங்க, பல பேர் லோட் பண்ணி அப்படியே மாட்டி வெச்சிருப்பாங்க. அப்புறம் குதிரைய (கல்ல பிடிச்சிருக்கிற சுத்தியல்) ஹாஃப் காக்ல, அதாவது பாதி இழுத்த நிலையில வெச்சு விசைய அழுத்துங்க, விழுந்துச்சுன்னா அந்த லாக் வேணவே வேணாம். பேன்ல இருந்து பேரலுக்குள்ள நெருப்பு போற டச் ஹோல் தேஞ்சு பெருசாகி இருக்கா, பேரலுக்குள்ள துரு குழி இருக்கான்னு லைட் அடிச்சு பாருங்க. இடது கைக்காரங்க இடது லாக் தேடுங்க, வலது லாக்குல பேன் உங்க மூஞ்சி பக்கம் வரும், கண்ணாடி போட்டிருந்தாலும் அந்த ஃப்ளாஷுக்கு கண்ண மூடாம சுடுறது கஷ்டம்.