இட்லிக்கும் எனக்கும் நடுவே ஒரு சென்சார்

கையில் சுகர் சென்சார் ஒட்டிக்கொள்ளத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது 52, டைப் 2 சர்க்கரை, மாத்திரை மட்டும், இன்சுலின் இல்லை. ஊர் திருச்சி. "ஒரு தடவை போட்டுப் பாருங்க, நீங்க சாப்பிடறது உங்களுக்கே தெரியும்" என்றார் டாக்டர். ஒரு தடவைதான் என்று ஆரம்பித்தேன், இதுவரை நிறைய ஒட்டியாயிற்று.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. மேற்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் போய் நின்றுகொள்ளும். எறும்புக்கடி அளவுகூட வலியில்லை. அது ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை அளக்கிறது. அதனால் போனில் வரும் எண் ஐந்து, பத்து நிமிடம் பிந்தியே இருக்கும். ஆயுள் 14 நாள். 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த வகை முதல் கருவியை உடம்பில் மாட்டியிருந்தவருக்கு எண்ணே தெரியாது. மூன்று நாள் பதிவானதை டாக்டர்தான் பிறகு எடுத்துப் பார்ப்பார். இப்போது சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தால் கோடு ஏறத் தொடங்குவதை நாமே பார்க்கலாம்.

முதல் வாரமே எனக்கு ஓர் அடி விழுந்தது. சர்க்கரைக்காரன் என்று ஆனதிலிருந்து தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சி. பிடிக்காது, ஆனாலும் மருந்து மாதிரி குடித்துவந்தேன். சென்சாரில் பார்த்தால் முக்கால் மணி நேரத்தில் 231! நைசாக அரைத்த மாவு, கூழாகும்வரை வெந்தது, மெல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும். மறுநாள் மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், தேங்காய்ச் சட்னி: 178. மூன்று வருடம் இட்லியைத் தள்ளிவைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

வெண்பொங்கல் வேறு ஜாதி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியாது. ஆஹா என்று இருந்தால், மூன்றாவது மணி நேரத்தில் மெதுவாக ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதுதான் காரணம். ராத்திரி பிரியாணியும் இப்படித்தான், தூங்கிய பிறகு வேலையைக் காட்டும்.

உண்மையில் பயன்பட்டது சாப்பிடும் வரிசை. காயையும் புரத உணவையும் முதலில் தின்றுவிட்டு மாவுச்சத்து உணவைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் 11 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்திருந்தார்கள். காய், பருப்பு, முட்டை முதலில், சோறு கடைசியில் என்று மாற்றியதில் எனக்கும் அதே இலை, அதே அளவில் 30, 40 புள்ளி குறைந்தது. கல்யாணப் பந்தியில்தான் சங்கடம். பொரியலையும் கூட்டையும் முதலில் காலி செய்பவனைப் பரிமாறுகிறவர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

என் கணக்கை யாரும் காப்பியடிக்க வேண்டாம். அதே 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆய்வு நிறுவனம் 800 பேரிடம் பார்த்ததில், ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறு வேறு மாதிரி ஏறியது. என் தம்பியும் ஒரு தடவை ஒட்டிப் பார்த்தான். அவனுக்கு இட்லிதான் எதிரி, கஞ்சி பரவாயில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஒன்றின் விலை ஐயாயிரத்தை ஒட்டி. அக்னி நட்சத்திர வியர்வையில் ஒன்று பத்தாம் நாளே கழன்றது. தீபாவளி எண்ணெய்க் குளியலில் இன்னொன்று போயிற்று (அது என் முட்டாள்தனம்). ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அலாரம்: 58. "என்னங்க, என்னங்க" என்று மனைவி பதறி எழுந்து சர்க்கரைத் தண்ணி கரைத்துக் கொடுத்தாள். குடித்த பிறகு விரலைக் குத்திப் பார்த்தால் 190. சென்சார் இருந்த கையை அழுத்திப் படுத்திருக்கிறேன்; அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்தால் எண் பொய்யாக இறங்கும். அதிலிருந்து உடம்பில் படபடப்போ வியர்வையோ இல்லாமல் எண் மட்டும் இறங்கினால், முதலில் விரல் குத்து, பிறகுதான் சர்க்கரை. மாத்திரையையும் இந்தக் கோட்டைப் பார்த்து நானாகக் கூட்டிக் குறைத்ததில்லை.

இன்னொன்று எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆறாவது மாதம் வாக்கில், ரசம் சாதம் வாயில் இருக்கும்போதே போனைக் கையில் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல எண் வந்தால் ரசம் ருசி. 200 தாண்டினால் அதே ரசம் கசந்தது. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தால் நன்றி சொல்வதற்கு முன் மனதில் கிராஃப் ஓடும். அம்மா ஒரு நாள் சொல்லிவிட்டாள்: "வாயால சாப்புடுடா, போனால சாப்புடாத."

அதற்கப்புறம் தொடர்ந்து ஒட்டுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1 சதவீதத்திலிருந்து 6.9-க்கு வந்திருக்கிறது, எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடக்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்துவிட்டது. இப்போது வருடத்துக்கு மூன்று, நான்கு, அதுவும் எதையாவது புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் மட்டும். அடுத்தது வாங்கி வைத்தாயிற்று, மாம்பழத்துக்காக. போன வருடம் பங்கனப்பள்ளி பார்த்தேன், சாப்பாட்டோடு சேர்க்காமல் சாயந்திரம் இரண்டு துண்டு என்றால் தாங்குகிறது. இந்த முறை இமாம்பசந்த்.